அம்மா பெயர் ஒட்டிய டப்பா

ஜூலை 8, திங்கள்

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். வேதியியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்கள் இவை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதால் பகலில் எழுத முடியாது.

அப்படி மறைத்து எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. எழுதினால் தெரியுமா என்று பார்க்கிறேன்.

ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அவள் என் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு. மலைமேல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்து இந்த விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுதிப் பெண்களில் என்னைச் 'சமையக்கட்டு' என்று கூப்பிடாதவள் அவள் ஒருத்திதான். நானும் விடுதியில்தான் இருக்கிறேன், ஆனால் விடுதிப் பெண் இல்லை. அம்மா இங்கே சமைக்கிறாள். சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அரிசி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம்.

சாயங்காலம் அம்மா ஜெசிந்தாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு அந்த வருசம் வந்த மாதிரியே இருக்குடி. நாக்குல மாவு பூசுன மாதிரி," என்றாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்த வருடம் எனக்கு நினைவிருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு. அம்மா நாள்கணக்கில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். விட்ட காய்ச்சலுக்கு எதற்கு மாத்திரை என்றாள். மீதி மாத்திரைகள் வெகுநாள் அஞ்சறைப்பெட்டியில் கிடந்தன.

இன்று நூர்ஜகான் மிஸ் பாக்டீரியா பாடம் தொடங்கினார். ஒரே செல். உட்கரு இல்லை. குச்சி, உருண்டை, சுருள் என்று மூன்று வடிவங்களைப் பலகையில் வரைந்தார். குச்சிக்குச் சுற்றிலும் முடி மாதிரி கசையிழைகள் வரைந்தபோது வகுப்பு சிரித்தது. சூடும் சோறும் கிடைத்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகப் பிரியுமாம்.

"அப்ப அதுல அம்மா எது, பிள்ள எது மிஸ்?" என்று மேனகா கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா. பிரிஞ்சப்புறம் ரெண்டும் ஒண்ணுதான்."

நான் அதைப் பாடநோட்டில் எழுதிக்கொண்டேன். பரீட்சைக்கு வராது என்று தெரிந்தும் எழுதினேன்.

ஜூலை 10, புதன்

செய்முறைக்கு அவித்த உருளைக்கிழங்கு கேட்டார் மிஸ். சமையல்கட்டு நான்தானே, நான்தான் கொண்டுபோக வேண்டும். வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் விரல் வைத்து, கவரில் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்தோம். பத்து நாள் கழித்துப் பார்ப்போம் என்றார். ஒரு வில்லை மிச்சம் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன்.

"தொடும்மா."

"எதுக்கு?"

"கையில இருக்கற பாக்டீரியா இதுல வளரும். பாடம்."

"என் கைல என்ன இருக்கு? காலைலருந்து தண்ணிக்குள்ளதான் கெடக்கு," என்று சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, விரலை அழுத்தினாள்.

தயிரை உறையவைப்பதும் பாக்டீரியாதான் என்று சொன்னேன். அம்மா உறைமோர்க் கிண்ணத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இதப் போயி அந்தப் பிள்ளைககிட்டச் சொல்லிறாத. ஒருத்தி சாப்பிட மாட்டா."

ஜூலை 13, சனி

இன்றும் உருண்டை நாள். இதை இங்கே தொடங்கி வைத்தது அம்மாதான். சனிக்கிழமை மத்தியானம் பழைய சமையல்காரம்மா சாம்பார் சோறு போடுவாராம். அம்மா வந்த முதல் வாரமே பெரிய தாம்பாளத்தில் தயிர்சோற்றைக் கொட்டி, வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு பிசைந்தாள். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு உருண்டையாக வைத்தாள். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, குழியில் ஊறுகாய். அன்றைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அழுதார்களாம், வீட்டு நினைவு வந்து.

இப்போது சனிக்கிழமைக்காகவே காத்திருக்கிறார்கள். என்னைக் கிண்டல் செய்கிற பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள்கூட, "தாயம்மா, எனக்கு இன்னொண்ணு," என்று கையை நீட்டுகிறார்கள். வெள்ளைத்தாய் என்ற பெயரைத் தாயம்மா ஆக்கிவிட்டார்கள். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண சமையல் கோஷ்டியில் இருந்தபோது அவளை இப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அந்த வேலையை ஏன் விட்டாள் என்று கேட்டால், "அங்க ஆளுக சரியில்லடி," என்பாள். அவ்வளவுதான்.

இன்று உருண்டைக்கு வந்தவர்கள் குறைவு. இன்னும் சில பேருக்குக் காய்ச்சல்.

ஜூலை 16, செவ்வாய்

ஜெசிந்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். டைஃபாய்டு. மற்றவர்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்தார்கள். மேல்தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். சமையல்கட்டைப் பார்த்த ஆய்வாளர், "குடிதண்ணிய கொதிக்க வச்சுத் தர்றீங்களா? நல்ல பழக்கம்மா," என்று அம்மாவைப் பாராட்டினார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வாசலில் கொய்யாக்காய் விற்கிற செல்லையா அண்ணனை வார்டன் மேடம் துரத்திவிட்டார். "நறுக்கி வச்சு ஈ மொய்க்க விக்கிறான். எல்லாம் இவனாலதான்." அண்ணன் மிளகாய்ப்பொடி டப்பாவை மூடி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஜெசிந்தா கொய்யாவே சாப்பிடமாட்டாள். விதை பல்லில் மாட்டும் என்பாள். அதை யாரிடமாவது சொல்ல வேண்டுமா? சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஜூலை 18, வியாழன்

தண்ணீரில் ஒன்றும் இல்லையாம்.

ஜூலை 19, வெள்ளி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து அம்மாவிடம் மூடி போட்ட ஒரு சின்ன டப்பா கொடுத்தார். மூடியிலேயே குட்டிக் கரண்டி ஒட்டியிருந்தது. மேலே ஒட்டிய தாளில் வெள்ளைத்தாய் என்று எழுதியிருந்தது. சமைக்கிறவர்கள் எல்லோரும் மலம் கொடுக்க வேண்டுமாம். காலையில் வந்து வாங்கிக்கொள்வாராம்.

அம்மா அந்த டப்பாவைக் கையில் வாங்கவே இல்லை. சன்னலில் வைக்கச் சொன்னாள். "சமையக்காரி ஊருக்கே சோறு போடுறவ. அவகிட்டப் போயி இதக் கேக்குறாங்களே, இது என்ன அசிங்கம்," என்று நர்ஸம்மா போன பிறகு புலம்பினாள். ராத்திரி சாப்பிடவில்லை.

இன்று விடியும் முன்னால் என்னை எழுப்பினாள்.

"ரேணு, நீ குடுத்துரு."

"நானா? உன் பேரும்மா அது."

"எனக்கு வரமாட்டேங்குது. நர்ஸு வந்துருவாக. யாருது குடுத்தா என்னடி? ஒரே சட்டிச் சோறுதான திங்குறோம். ஒரே ரத்தம்."

எனக்குத் தூக்கக் கலக்கம். அம்மாவின் கண் சிவந்திருந்தது. அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

கொடுத்தேன்.

நர்ஸம்மா கையுறை போட்டு வாங்கிப் பைக்குள் வைத்தபோது அம்மா அடுப்பைப் பார்த்து நின்றாள். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

ஒரே சட்டிச் சோறு என்பது சரிதானே? சரிதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 22, திங்கள்

உருளைக்கிழங்கு வில்லைகளைத் திறக்காமல் கவர் வழியாகப் பார்த்தோம். மஞ்சள் புள்ளி, வெள்ளைப் புள்ளி, ஒன்றிரண்டில் பச்சைப் பூசணம். மேனகாவின் விரலில்தான் அதிகம். அவளை நாள் முழுவதும் கேலி செய்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் வில்லையைப் பார்த்தேன். மிளகாய் மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். இரண்டே இரண்டு வெள்ளைப் புள்ளிகள். எல்லோருடையதையும்விடச் சுத்தம். பள்ளியில் என் வில்லையில் இதைவிட எவ்வளவோ அதிகம். எனக்கு அப்படியொரு நிம்மதி. ஏன் நிம்மதி என்று யோசித்தபோதுதான் பயம் வந்தது. எதைத் தேடிக்கொண்டிருந்தேன்?

இதற்கு முன்பே, வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் கேட்டிருந்தேன். புள்ளி குறைவாக இருந்தால் அந்தக் கையில் நோய்க்கிருமி இல்லை என்று அர்த்தமா என்று.

"அப்படிச் சொல்ல முடியாது ரேணுகா. கிழங்குல எது வேணாலும் வளரும். நம்ம தோல்ல இருக்கறதுல முக்காவாசி நமக்கு ஒண்ணும் பண்ணாது. எது எந்தக் கிருமின்னு கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதுக்கு லேப் வேணும்."

"டைஃபாய்டு கிருமி?"

"அது குச்சி வடிவம். குடல்ல போயி உக்காரும். சில பேருக்குக் காய்ச்சல் சரியானப்புறமும் பித்தப்பைல தங்கிரும். அவங்க நல்லாத்தான் இருப்பாங்க, வேலை செய்வாங்க, சிரிப்பாங்க. ஆனா கிருமி வெளிய வந்துக்கிட்டே இருக்கும். அவங்களுக்கே தெரியாது." சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டே கேட்டார், "ஏன், ஜெசிந்தாவ நெனச்சுப் பயப்படுறியா?"

ஆமாம் என்றேன்.

நல்லாயிருக்கிற ஒருவர் எப்படி நோய் கொடுக்க முடியும்? கிருமி இருந்தால் காய்ச்சல் வர வேண்டும். காய்ச்சல் இல்லையென்றால் கிருமி இல்லை. இதுதானே கணக்கு? மிஸ் சொல்வது எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

ஜூலை 24, புதன்

அம்மாவின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒன்றும் இல்லை.

வார்டன் மேடம் எல்லோர் முன்னாலும் படித்தார். "நம்ம தாயம்மா சுத்தம்." பிள்ளைகள் கை தட்டினார்கள். அம்மா கேசரி கிண்டினாள். நெய் வழிய எனக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"ஏண்டி, நல்லாயில்லையா?"

"நல்லாருக்கும்மா."

அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். அதுதான் எனக்குக் குழப்பம். அது யாருடையது என்று மறந்துவிட்டாளா? அல்லது இரண்டும் ஒன்றுதான் என்று நம்புகிறாளா?

ஜூலை 27, சனி

ஜெசிந்தாவுக்குக் குடலில் ரத்தக் கசிவு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுடைய அம்மா எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து, அவள் பெட்டியை எடுக்க விடுதிக்கு வந்திருந்தார். கொளுந்து பறித்துப் பறித்து விரல் நுனிகள் கறுத்திருந்தன. அம்மா அவரை உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

"பிள்ள போன்ல பேசுனா ஒங்களப் பத்தித்தான்கா சொல்லுவா," என்றார் அவர். "தாயம்மா உருண்ட, தாயம்மா உருண்டன்னு. எங்கயோ ஒரு அம்மா இருக்குன்னு நானும் நிம்மதியா இருந்தேன்."

அம்மா அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் அழுதோமா என்று தெரியவில்லை.

இன்று உருண்டை போடவில்லை. யாருக்கும் மனசில்லை.

ஜூலை 28, ஞாயிறு

சோறு தின்றால் ஜெசிந்தாவின் குடல் தாங்காதாம். குளுகோஸ்தான்.

ஜூலை 31, புதன்

சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன்.

"அம்மா, இனிமே கரண்டியால கலந்தா என்ன? கை வலிக்காதுல்ல."

"கரண்டியால கிண்டுனா அது சோறா? கைபட்டாத்தான் ருசி."

"கைய நல்லா சோப்புப் போட்டு..."

"என்னாடி, அந்த உருளக்கெழங்குப் பாடமா?" அம்மா சிரிக்கவில்லை. முறத்தில் இருந்த அரிசியை வெகுநேரம் புடைத்தாள். பிறகு அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள், "இந்த எடமும் போச்சுன்னா எங்கிட்டுப் போவோம்?"

'இந்த இடமும்' என்றாள். அதற்கு முன்னால் எந்த இடம்? கல்யாண கோஷ்டியில் என்ன நடந்தது? கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

பித்தப்பையில் இருக்கிற கிருமியைப் பற்றி நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அதற்கு மூளை இல்லை. யார்மேலும் கோபம் இல்லை. இருக்க ஓர் இடம் கிடைத்தது, இருக்கிறது. எங்களுக்கும் இந்தச் சாமான் அறை கிடைத்த மாதிரி. அதை எப்படி வெறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

இன்று ஆடிப்பெருக்கு. விடுதியில் கலந்த சோறு. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர். முதல் மூன்றும் அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே, கை வைக்க முடியாத சூட்டோடு கரண்டியால் கலந்துவிட்டாள். தயிர்சோற்றை மட்டும் ஆறவைத்துத் தாம்பாளத்தில் கொட்டி, கூடத்து நடுவில் உட்கார்ந்து பிசைந்தாள். வளையல்கள் முழங்கையில். வெகுநாளைக்குப் பிறகு உருண்டை என்பதால் சின்னப் பிள்ளைகள் முண்டியடித்து உட்கார்ந்தார்கள். காய்ச்சலிலிருந்து தேறி வந்தவர்களும் இருந்தார்கள்.

நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். ஆறாம் வகுப்புக் கோமதி முதல் ஆளாக இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். உள்ளங்கையில் மருதாணி வட்டம். அம்மா உருட்டத் தொடங்கினாள்.

நான் தாம்பாளத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன். என் கால் பட்டுவிட்டது. தாம்பாளம் கவிழ்ந்து சோறு முழுவதும் தரையில் பரவியது. தடுமாறியதில் என் இரண்டு காலும் சோற்றுக்குள் இருந்தன. குடத்துத் தண்ணீரும் அதன்மேல் கொட்டிவிட்டது.

நல்ல நாளில் சோற்றை மிதித்தவளைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் பார்த்தார்கள்.

"கண்ணு பொடதிலயா இருக்கு?" என்றார் வார்டன் மேடம்.

"சமையக்கட்டுக்குக் கொழுப்பு," என்று ஓர் அக்கா சொன்னது கேட்டது.

அம்மாவின் கையில் கோமதிக்காக உருட்டிய அந்த ஒரு உருண்டை மட்டும் மிச்சமிருந்தது. கோமதி இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தச் சின்னக் கையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உருண்டையைத் தரையில் கிடந்த சோற்றோடு போட்டுவிட்டு, துடைப்பம் எடுக்க எழுந்தாள்.

"புளிச்சோறு இருக்கு, எலுமிச்ச இருக்கு. அதச் சாப்புடுங்க பிள்ளைகளா," என்றாள். "கரண்டியால போட்டுக்கங்க."

கால் பட்டதா, நானே வைத்தேனா? எழுதும்போதும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மத்தியானம் பாத்திரம் விளக்கும்போது அம்மா கேட்டாள்.

"எப்பலருந்து தெரியும்?"

"எனக்குத் தெரியாதும்மா. இப்பவும் தெரியாது."

"எனக்கு ஒரு நோவும் இல்லையேடி. தலவலின்னு ஒரு நாள் படுத்திருக்கேனா?"

"அதாம்மா."

அவள் சாம்பல் அப்பிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அங்கயும் இப்பிடித்தான். நான் சமச்ச ரெண்டு கல்யாணத்துல காச்சல். ஒன் கை ராசியில்ல வெள்ளத்தாயின்னு அனுப்பிட்டாக. ராசின்னுதான் நானும் நெனச்சேன். அந்த டப்பாவப் பாத்ததும் பகீர்ன்னுச்சு. ஏன்னு நான் யோசிக்கல. யோசிக்கப் புடிக்கல."

"ராசியெல்லாம் இல்லம்மா. அது ஒரு குச்சி. கண்ணுக்குத் தெரியாது. மாத்திரைல போயிரும்னு மிஸ் சொன்னாங்க." மிஸ் அப்படிச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அந்தப் பிள்ள பொழச்சுக்குமா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். இந்த நோட்டு முழுக்க நான் எழுதியிருப்பது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

அம்மா வார்டன் மேடத்திடம் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, சுகாதார நிலையத்துக்குத் தானே நடந்து போய், வேறொரு டப்பா வாங்கிவந்தாள். தாளில் தன் பெயரைத் தானே எழுதினாள். 'ள்' போட்டு 'வெள்ளை' என்று எழுத அவளுக்கு வெகுநேரம் ஆனது.

முதல் டப்பா யாருடையது என்பதையும் அங்கே சொல்லிவிட்டாளாம். நர்ஸம்மா திட்டினாரா என்று கேட்டேன். "உக்காரச் சொன்னாக," என்றாள்.

ஆகஸ்ட் 10, சனி

இருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை.

பித்தப்பையாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். வாரக்கணக்கில் மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது. பிறகு மறுபடியும் மறுபடியும் டப்பா. வரிசையாக மூன்று தடவை ஒன்றும் இல்லை என்று வந்தால்தான் மறுபடி சமையல். அது வரை சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது. அறை இருக்குமா? வார்டன் மேடம், "வாசல் கூட்டட்டும், தோட்டத்தப் பாக்கட்டும். அப்புறம் பாப்போம்," என்றார். 'அப்புறம்' என்றால் எப்போது என்று அவர் சொல்லவில்லை.

பெண்கள் என்னைச் சமையக்கட்டு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒன்றுமே கூப்பிடுவதில்லை. குழாயடியில் நான் போனால் தள்ளி நிற்கிறார்கள்.

செல்லையா அண்ணன் வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டார். வார்டன் மேடமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாராம். என்னைப் பார்த்ததும் ஒரு கொய்யாவை நறுக்கி நீட்டினார். அவருக்கு எங்கள் விஷயம் தெரியுமா, தெரியாதா? வாங்கிக்கொண்டேன்.

ஜெசிந்தாவுக்கு ரத்தம் நின்றுவிட்டது. கஞ்சி இறங்குகிறது. அவளுடைய அம்மா போன் செய்தார். ஜெசிந்தாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

"சனிக்கெழம வந்தா எனக்கு ரெண்டு உருண்ட வேணும்னு தாயம்மாகிட்டச் சொல்லு," என்றாள்.

அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவள் என்னை என்னவென்று கூப்பிடுவாள்?

ஆகஸ்ட் 17, சனி

விடுதியில் புது ஆள் சாம்பார் சோறு வைத்தார். எங்கள் பங்கை அறைக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் வெறுஞ்சோறும் தயிரும் தனியாக வாங்கிவந்தேன்.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இந்த வாரம் முழுவதும் அவள் கையால் எதையும் தொடுவதில்லை. என் தலையைக்கூட வாரிவிடவில்லை. தலைக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னாலும் கேட்பதில்லை. கையை மடியில் கவிழ்த்து, வேறு யாருடையதோ மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, நக இடுக்கு வரை தேய்த்துக் கழுவினேன். வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன். எனக்கு உருட்ட வரவில்லை, உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தயிர் விட்டுப் பிசைந்தேன். உருட்டினேன். கட்டைவிரலால் குழி வைத்து ஊறுகாய் வைத்தேன்.

"கைய நீட்டும்மா."

"வேணாம்டி. தட்டுல வையி."

"உன் கை உனக்குத்தான. நீட்டு."

என் கையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோமதி மாதிரி, இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்து நீட்டினாள்.